குப்பம்னா குப்பையா?

வடசென்னை என்று சொன்னதும் உங்கள் மனதில் என்ன தோன்றுகிறது? ரவுடி, அரிவாள், நாத்தம், காது கூசும் பேச்சு. பல வருடமாக சினிமா நமக்குக் காட்டியது இதைத்தான். இயக்கக் கூட்டங்களில் "திருவொற்றியூர்லேர்ந்து வர்றேன்" என்று நான் அறிமுகம் சொன்னால் போதும், "இன்னா நைனா, சௌக்கியமா?" என்று ஒரு குரல் வரும், பத்துப் பேர் சிரிப்பார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனாலும் உழவர்களாகிய நாம் இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஓர் ஊருக்கு ஒட்டிய பேர் வெறும் பேரோடு நிற்பதில்லை. அந்த ஊருக்கு எதைக் கொண்டுவரலாம், அந்த ஊரிலிருந்து எதை எடுத்துப் போகலாம் என்பதையும் அந்தப் பேர்தான் பாதி முடிவு செய்கிறது.

எனக்குச் சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். பதினாறு வருடமாகக் குடியிருப்பது திருவொற்றியூரில். பொன்னேரி வட்டத்தில் ஒன்றரை ஏக்கர் குத்தகை நிலத்தில் பாரம்பரிய நெல்லும் கேழ்வரகும் போடுகிறேன். அதனால் இரண்டு பக்கத்துப் பேச்சும் என் காதில் விழுகிறது.

நல்ல பேரும் கெட்ட பேரும்

எங்கள் டெல்டாவுக்கு 'நெற்களஞ்சியம்' என்று பேர். மீத்தேன் திட்டம் வந்தபோது நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராக நடந்தார், உழவர்கள் திரண்டார்கள். கடைசியில் 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டமும் வந்தது. அந்தச் சட்டத்தில் ஓட்டைகள் உண்டு, அது வேறு கதை. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். போராட்டத்துக்குப் பின்னால் அந்த நல்ல பேரும் சேர்ந்து நின்றது. சோறு போடுற பூமியைக் கெடுக்கலாமா என்று கேட்டால் எந்தக் கட்சிக்காரரும் தலைகுனிய வேண்டியிருந்தது.

எண்ணூருக்கு அப்படி ஒரு பேர் இல்லை. ஆங்கிலேயர் காலத்தில் துரைமார்கள் படகு விடவும் ஓய்வெடுக்கவும் வந்துபோன இடம் அது. இன்றைக்கு அங்கே வடசென்னை அனல்மின் நிலையம், அதன் முதல் இரண்டு கட்டங்கள் மட்டும் 1830 மெகாவாட். பக்கத்தில் வல்லூர் அனல்மின் நிலையம், 1500 மெகாவாட். மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம், நிலக்கரிக் குவியல், சாம்பல் குட்டை. இன்னொரு ஆலை வருகிறது என்றால், "அங்கதான் ஏற்கெனவே கெட்டுக் கிடக்கே" என்ற பதில் தயாராக இருக்கிறது. அழுக்கைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, அழுக்கான ஊர் என்று பேர் வைத்துவிட்டு, அந்தப் பேரையே காரணம் காட்டி மறுபடியும் கொட்டுகிறோம்.

இது நமக்குப் புதிதல்ல. ராமநாதபுரத்தைத் 'தண்ணியில்லாக் காடு' என்று சொல்லி, அரசு ஊழியரை மிரட்டுவதற்கே அந்த மாவட்டத்தின் பேரைப் பயன்படுத்தினார்கள். அந்தத் தண்ணியில்லாக் காட்டில்தான் கண்மாய் கண்மாயாக மழையைத் தேக்கி நெல் விளைவிக்கிறார்கள். அந்த மண்ணின் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மண்ணைத் தொட்டுப் பார்த்தவனுக்கு ஒரு ராமநாதபுரம் தெரியும், பேரை மட்டும் கேட்டவனுக்கு வேறொரு ராமநாதபுரம்.

வசவாகிப் போன சொற்கள்

'புறம்போக்கு' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நமக்கு அது நிலத்தின் வகை. ஏரிப் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு. தனி ஆள் பேரில் பட்டா இல்லாததால் எல்லாருக்கும் சொந்தமான இடம். ஊர் மாடு மேய்ந்ததும், ஏரி நிறைந்து வழிந்ததும் அங்கேதான். இன்றைக்கு அது ஆளைத் திட்டும் சொல். எண்ணூர்க் கழிமுகத்தைக் காப்பாற்ற 2017இல் டி.எம். கிருஷ்ணா பாடிய பாடலுக்குச் 'சென்னை பொறம்போக்குப் பாடல்' என்றே பேர் வைத்தார்கள். வசவான சொல்லை மறுபடியும் நிலத்துக்கே மீட்டுக் கொடுத்த வேலை அது.

'குப்பம்' கதையும் இதேதான். குப்பம் என்றால் சிற்றூர். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம், பெரியகுப்பம் எல்லாம் நம் பட்டி, பாளையம், நல்லூர் மாதிரி ஊர்ப்பேர்கள். 'குப்பத்துக்காரன்' என்று சொல்லும்போது அதில் குப்பையின் வாடையை யார் சேர்த்தது? மெட்ராஸ் பாஷையும் அப்படித்தான். 'அப்பால வர்றேன்' என்றால் சிரிக்கிறோம். 'அப்பால்' என்று எழுதினால் இலக்கியம். 'குந்து' என்றால் மட்டம், 'அமர்க' என்றால் உயர்த்தி. நம் ஊர்ப் பேச்சைக் கேட்டு நகரத்துக்காரன் 'பட்டிக்காட்டான்' என்று சிரித்தபோது நமக்கு எப்படி இருந்தது?

கடலில் இருக்கும் உழவர்கள்

எண்ணூரில் வந்து விழும் கொசஸ்தலையாறு நம் ஆறு. பூண்டிக்கு மேலேயும் கீழேயும் வயல் வழியாகத்தான் அது வருகிறது. 1944இல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கம் அதன் தண்ணீரைச் சென்னைக்குத் திருப்பியது. மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரை ஆழ்துளைக் கிணறு வைத்து நகரத்துக்கும் ஆலைகளுக்கும் உறிஞ்சினார்கள். நல்ல தண்ணீர் இறங்கிய இடத்தில் கடல்நீர் ஏறியது, கிணறு உப்பானது, நஞ்சை போனது. அப்புறம் அதே மீஞ்சூர் பேரில், காட்டுப்பள்ளியில், கடல்நீரைக் குடிநீராக்க நாளைக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள ஆலை 2010இல் வந்தது. மேலே இருக்கும் உழவருக்கு நடந்ததும் கீழே இருக்கும் மீனவருக்கு நடந்ததும் ஒரே ஆற்றின் கதை.

அந்த மீனவர் நிலைமையை நம் பாஷையில் சொன்னால் சட்டென்று புரியும். சாம்பல் குழாய் உடைந்து ஆற்றில் சாம்பல் படிந்தால், நம் வயலில் ஒரு முழம் சுண்ணாம்புத் தூளைக் கொட்டின மாதிரி. அடிமண்ணில் புழு பூச்சி இல்லை, இறால் தங்க இடமில்லை. நமக்குச் சீமைக்கருவேலமும் பார்த்தீனியமும் எப்படியோ, அவர்களுக்குக் 'காக்கா ஆழி' அப்படி. தென் அமெரிக்கச் சிப்பி அது. கப்பல்களோடு வந்திருக்க வேண்டும். ஆற்றின் அடியில் பாய் விரித்த மாதிரி மூடிக்கொண்டு, மட்டிக்கும் இறாலுக்கும் இடம் விடுவதில்லை. சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்கு முதல் அடி.

அவர்களிடம் நாம் கற்க வேண்டியதும் உண்டு. பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை. எந்த இடத்தில் யார் வலை கட்டுவது, எந்த நாளில் கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிரந்தரம் இல்லை. நம் முறைத்தண்ணீர், நீர்க்கட்டி ஏற்பாடு மாதிரியே. அதிலும் குறைகள் உண்டு, உறுப்பினர் குடும்பங்களுக்கு வெளியே இருப்பவருக்குப் பங்கு கிடையாது. நம் பாசன முறையில் மட்டும் எல்லாருக்கும் இடம் இருந்ததா என்ன? ஆனாலும் பொதுச்சொத்தை அழிக்காமல் பகிர்ந்து பிழைக்கும் அறிவு அது. காற்றைப் பார்த்து வாடையா, கச்சானா, கொண்டலா என்று பிரித்துச் சொல்லி, கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறவர்களை 'படிக்காத ரவுடி' என்று பேசுவது எவ்வளவு பெரிய அறியாமை!

உரமூட்டையின் பிறந்த ஊர்

நாம் கட்டாயம் பேச வேண்டிய ஒன்று இருக்கிறது. மணலியில் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் நிறுவனம் 1971 முதல் யூரியா தயாரிக்கிறது. 'விஜய்' என்று போட்ட மூட்டை தமிழ்நாட்டில் போகாத கிராமம் குறைவு. எண்ணூரில் கோரமண்டல் இன்டர்நேஷனல் நிறுவனத்தின் காம்ப்ளக்ஸ் உர ஆலை இருக்கிறது. அதற்கு வேண்டிய அம்மோனியா கப்பலில் வந்து, கடலுக்கடியில் போட்ட குழாய் வழியாகக் கரைக்கு வரும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு அந்தக் குழாயில் கசிவு. பெரியகுப்பத்திலும் சின்னக்குப்பத்திலும் தூங்கிக்கொண்டிருந்த மக்கள் கண் எரிய, மூச்சு முட்ட, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஆலையை மூடச் சொல்லி மாதக்கணக்கில் போராட்டம் நடந்தது. நிபந்தனைகளோடு திறக்கலாம் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2024இல் சொன்னது.

அதே மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்குள் புகுந்தது. படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாம் கறுப்பு. அதை மீனவர்கள் வாளியாலும் மக்காலும் மொண்டு எடுத்தார்கள்.

ரசாயன உரம் மண்ணைக் கெடுக்கிறது, நுண்ணுயிரைக் கொல்கிறது, நம் கடனை ஏற்றுகிறது என்று எத்தனை மேடையில் பேசியிருக்கிறோம்? அந்த மூட்டை நம் வயலுக்கு வருவதற்கு முன்னால் யார் மூச்சைத் தொட்டுவிட்டு வருகிறது என்று எத்தனை தடவை பேசியிருக்கிறோம்? நம் பம்புசெட்டை ஓட்டும் கரண்டில் ஒரு பங்கு எந்த ஆற்றில் சாம்பலைத் தள்ளிவிட்டு வருகிறது? யூரியாவை விட்டுவிட்ட ஒவ்வோர் உழவரும், தனக்கே தெரியாமல், எண்ணூர்க்காரருக்கும் ஒரு நல்லது செய்கிறார். அதைத் தெரிந்தே செய்தால் நம் இயக்கத்துக்கு இன்னொரு கை கிடைக்கும்.

நாளைக்கு அந்தப் பேர் நமக்கும்

அங்கே அடிதடி இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. கஞ்சாவும் இருக்கிறது, வேலையில்லாத பையன்களும் இருக்கிறார்கள். வேலி வரப்புத் தகராறில் வெட்டு விழாத மாவட்டம் எது என்று நானும் கேட்கலாம். ஆனால் வடசென்னையின் முகவரி மட்டும் வேலைக்கு, வாடகை வீட்டுக்கு, கல்யாணத்துக்கு எல்லாம் குறுக்கே நிற்கிறது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களால் எழுந்தது. 1923இல் சென்னைக் கடற்கரையில் நாட்டின் முதல் மே தினத்தைக் கொண்டாடிய சிங்காரவேலர் மீனவர் குடும்பத்தில் பிறந்தவர். அன்று அவர் தொடங்கிய கட்சியின் பேரிலேயே தொழிலாளியும் இருந்தார், 'கிசான்' என்று உழவரும் இருந்தார். நூறு வருடத்துக்கு முன்பே அவருக்குத் தெரிந்த உறவு அது.

'குண்டர்' என்ற முத்திரை வடசென்னைப் பையனுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். 2023 நவம்பரில் செய்யாறு பக்கம் மேல்மாவில் சிப்காட்டுக்கு நிலம் தரமாட்டோம் என்று போராடிய ஏழு பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. எதிர்ப்பு வலுத்த பிறகு ஆறு பேர் மீதான ஆணையை அரசு விலக்கிக்கொண்டது. மண்வெட்டி பிடித்த கைக்கும் அந்தப் பேர் ஒட்டும் என்று அன்றைக்குத் தெரிந்தது. ஓர் ஊரைக் கெட்ட ஊர் என்று சொல்லி ஒதுக்கும்போது நாம் சும்மா இருந்தால், நம் நிலத்தைத் தரிசு என்றும் நம்மை வளர்ச்சிக்கு எதிரி என்றும் சொல்லும்போது கேட்க நாதி இருக்காது.

செய்யக்கூடியவை

நம் இயற்கை அங்காடிகளும் வாரச்சந்தைகளும் சென்னையில் எங்கே இருக்கின்றன? பெரும்பாலும் அடையாறு, பெசன்ட் நகர், அண்ணா நகர். வடக்கே ஏன் போவதில்லை என்றால், "அங்க யாருங்க வாங்குவாங்க?" இது ஆராய்ந்து சொன்ன பதில் இல்லை, பேரைக் கேட்டுச் சொன்ன பதில். சிறுதானியம் நாகரிகமாகும் முன்பே, ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் தள்ளுவண்டியில் கேழ்வரகுக் கூழ் விற்றுக்கொண்டுதான் இருந்தது. ஆடி மாதம் தெருவுக்குத் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள், கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் தொட்டுக்க. கேழ்வரகின் அருமையை அவர்களுக்கு நாம் பாடம் எடுக்க வேண்டியதில்லை. விலைதான் கட்ட வேண்டும். அழகான பையும் அட்டைப்பெட்டியும் இல்லாமல், அரைத்த மாவையும் முழுக் கேழ்வரகையும் மூட்டையாகக் கொண்டுபோய், கூழ் வண்டிக்காரரிடமும் கோயில் கமிட்டியிடமும் நேரடியாகப் பேசலாம். வர்ற ஆடிக்கு ஒரு தெருவில் தொடங்கினாலே போதும்.

அங்கிருந்து நமக்கும் வரவு உண்டு. மீன் கழிவும் வெல்லமும் சம எடை போட்டு மூடி வைத்து மீன் அமிலம் செய்கிறோமே, அந்தக் கழிவு காசிமேட்டில் கூடை கூடையாகக் கிடக்கிறது. திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டக் குழுக்கள் சேர்ந்து வாரம் ஒரு வண்டி வைத்து, மீன் வெட்டும் பெண்களிடம் காசு கொடுத்து வாங்கினால் அவர்களுக்கும் ஒரு வருமானம்.

அடுத்த மாவட்டக் கூட்டத்தை ஒரு தடவை எண்ணூரில் வைக்கலாம் என்று இயக்கப் பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பக்கத்தில் திருவொற்றியூர்க் கோயில் இருக்கிறது. பயிர் வாடியதற்கே மனம் வருந்திய வள்ளலார் ஏழுகிணற்றிலிருந்து நடந்தே வந்து கும்பிட்ட கோயில். காலையில் அங்கே கூடி, முகத்துவாரம் வரை போய், கரையில் இருக்கும் மீனவரோடு உட்கார்ந்து பேசுவோம். அவர் ஆற்றைக் காட்டட்டும், நாம் விதையைக் காட்டுவோம். வரும்போது ஆளுக்கு ஒரு படி கேழ்வரகு எடுத்து வாங்க.