சீரியல் எப்போது முடிய வேண்டும்? டிவி பாலசந்தரிடம் கற்க வேண்டியது

காரைக்காலிலிருந்து திருநள்ளாறு, அம்பகரத்தூர் வழியாக மேற்கே போனால் புதுச்சேரி எல்லை முடிந்து திருவாரூர் மாவட்டம் வந்துவிடும். அங்கே நன்னிலத்தை ஒட்டிய நல்லமாங்குடிதான் கே.பாலசந்தரின் சொந்த ஊர். சினிமா இயக்குநர் பாலசந்தரைத் தெரியாதவர் இல்லை. ஆனால் டிவிக்காக எழுதிய, தயாரித்த பாலசந்தரைப் பற்றி இன்றைய தலைமுறை அவ்வளவாகப் பேசுவதில்லை. வெப் சீரிஸ் எழுதும் கனவோடு காரைக்கால், நாகை, திருவாரூர் பக்கமிருந்து சென்னைக்கு ரயிலேறும் இளைஞர்களுக்கு அதிகம் உதவக்கூடியவர் இந்த இரண்டாவது பாலசந்தர்தான்.

பகலில் கோப்பு, மாலையில் நாடகம்

1930 ஜூலை 9-ல் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தார். முத்துப்பேட்டையில் கொஞ்ச காலம் பள்ளி ஆசிரியர். 1950-ல் சென்னை வந்து ஏ.ஜி. அலுவலகத்தில் குமாஸ்தா ஆனார். பகலில் கோப்புகள், மாலையில் நாடக ஒத்திகை. 'மேஜர் சந்திரகாந்த்', 'சர்வர் சுந்தரம்', 'நீர்க்குமிழி' எல்லாம் முதலில் மேடையில் வந்தவையே. 1964-ல் எம்.ஜி.ஆரின் 'தெய்வத்தாய்' படத்துக்கு வசனம் எழுதினார். அடுத்த ஆண்டு 'நீர்க்குமிழி' மூலம் இயக்குநரானார்.

நாடக மேடையில் கையில் இருப்பது நாலு சுவர், சில பாத்திரங்கள், வசனம், அவ்வளவுதான். டிவி கேட்பதும் கிட்டத்தட்ட அதையேதான்.

ஏன் டிவிக்குப் போனார்?

1990-ல் தூர்தர்ஷனில் அவருடைய 'ரயில் சிநேகம்' வந்தது. கையில் படமில்லாதவர்தான் டிவிக்குப் போவார் என்று நினைத்த காலம் அது. சினிமாவில் முன்வரிசையில் இருக்கும்போதே அவர் சின்னத்திரைக்குப் போனார். 1993-ல் சன் டிவி தொடங்கியபின் தனியார் சேனல்கள் பெருகின. மகன் கைலாசத்தோடு சேர்ந்து நடத்திய 'மின்பிம்பங்கள்' நிறுவனத்திலிருந்து 'கையளவு மனசு', 'காதல் பகடை', 'பிரேமி' என்று தொடர்கள் வந்தன. 1985-ல் வந்த 'சிந்து பைரவி' படத்தின் கதையை 2003-ல் ஜெயா டிவியில் 'சஹானா'வாகத் தொடர்ந்தார்.

மற்றவர்களுக்கும் அதே நிறுவனம் இடம் கொடுத்தது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய 'மர்மதேசம்' மின்பிம்பங்கள் தயாரிப்புதான். கதை தெரிந்தவர் தயாரிப்பாளராகவும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

கதை எங்கே நழுவியது?

தூர்தர்ஷன் காலத்தில் வாரத்துக்கு ஒரு பகுதி, மொத்தம் 13 வாரம் என்பது வழக்கமான அளவு. எழுதுபவர் முடிவை மனதில் வைத்துத்தான் முதல் காட்சியையே எழுதினார். பிறகு சீரியல் தினசரி ஆனது. 'மெட்டி ஒலி' 800 பகுதிகளைத் தாண்டியது. 'கோலங்கள்' 1,500-ஐத் தாண்டியது. இரண்டையும் மக்கள் விரும்பித்தான் பார்த்தார்கள். நீளமாக இருப்பது குற்றமில்லை.

சிக்கல் வேறு இடத்தில். கதை எப்போது முடியும் என்பதை டிஆர்பி தீர்மானிக்கத் தொடங்கினால், எழுதுபவர் கதையை நகர்த்துவதை விட்டுவிட்டு இழுக்கப் பழகிவிடுவார். ஒரு கல்யாணம் இரண்டு வாரம் நடக்கும். போன வாரம் செத்தவர் இந்த வாரம் திரும்பி வருவார். பழியை எழுதியவர் மேல் போடுவது சுலபம். முடிக்கும் அதிகாரம் அவர் கையில் இல்லை என்பதுதான் நிஜம்.

இப்போது என்ன வாய்ப்பு?

ஓடிடி அந்த அதிகாரத்தைக் கொஞ்சம் திருப்பித் தந்திருக்கிறது. 2022-ல் வந்த 'சுழல்' முதல் சீசன் எட்டே பகுதிகள். அதை உருவாக்கி எழுதிய புஷ்கர் - காயத்ரிதான் தயாரித்ததும். பாலசந்தர் போட்ட பாதை இது.

சரி, கையில் காசில்லாத புது எழுத்தாளர் என்ன செய்வது? எல்லோராலும் கம்பெனி ஆரம்பிக்க முடியாது. ஆனால் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட எல்லோராலும் முடியும். 2012-ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டப்படி, திரைக்கதையின் உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும், தியேட்டருக்கு வெளியே அது பயன்படும்போது ராயல்டியில் சமபங்கு கேட்கும் உரிமை எழுதியவருக்கு உண்டு. வேண்டாம் என்று அவரே எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. உரிமை எத்தனை வருடத்துக்கு என்று ஒப்பந்தம் சொல்லாவிட்டால் ஐந்து வருடம்தான். எந்த நாடுகளுக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். சட்டம் இருந்தாலும், கேட்காதவருக்குப் பங்கு தானாக வந்து சேராது.

2014 டிசம்பர் 23-ல் பாலசந்தர் மறைந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் கைலாசம் போய்விட்டார். அவர்கள் விட்டுப்போன தொடர்களில் இருக்கும் பாடம் எளிமையானது. முதல் காட்சியை எழுதுவதற்கு முன் கடைசிக் காட்சியைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதை மாற்றும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதையும் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.