வௌவால் அம்மணியின் டெபாசிட்

பி.காம். படித்த எனக்கு ஃபிக்ஸட் டெபாசிட் என்றால் பாங்க்தான். வட அமெரிக்காவின் சின்னப் பழுப்பு வௌவால் அம்மணி போடும் டெபாசிட்டே வேறு, சார்! இலையுதிர் காலத்தில் ஜோடி சேருவாள். உடனே கர்ப்பமா? ஊஹூம். விந்தணுக்களைக் கருப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டு குகைக்குள் தூங்கப் போய்விடுவாள். வசந்தத்தில் விழித்த பிறகுதான் கருமுட்டை வெளிவரும், கரு தரிக்கும். பனிக்காலத்தில் ஏது பூச்சி? பிள்ளைத்தாய்ச்சி என்னத்தைச் சாப்பிடுவாள்!

50, 60 நாளில் பிரசவம். குட்டி, தாயின் எடையில் ஏறக்குறைய கால்வாசி. (60 கிலோ அம்மா 15 கிலோ பிள்ளை... வேண்டாம், விடுங்கள்.)

வருஷத்துக்கு ஒரே குட்டி என்பதுதான் வயிற்றைக் கலக்குகிறது. 2006-ல் நியூயார்க் மாநிலக் குகை ஒன்றில் தலைகாட்டிய வெள்ளை மூக்கு நோய், தூக்கத்தைக் கெடுத்து, சேர்த்த கொழுப்பைக் கரைத்து, லட்சக்கணக்கில் பட்டினி போட்டுக் கொன்றது. எலியாக இருந்தால் சீக்கிரமே கணக்கை நேர் செய்திருக்கும். இவள், வருஷத்துக்கு ஒன்றாகத்தான் வரவு வைத்துக்கொண்டிருக்கிறாள்.