வாரிசு வேலை

அரசாங்க ஆபீஸ்களில் ஒரு கொடூரமான ஜோக் உண்டு. ‘பையன் டிகிரி முடிச்சுட்டு சும்மா சுத்தறான் சார்’ என்று ஒருவர் புலம்புவார். பக்கத்து சீட்காரர் ஃபைலிலிருந்து தலை நிமிராமல், ‘ரிடையர் ஆக இன்னும் ரெண்டு வருஷம் இருக்கில்ல? முயற்சி பண்ணுங்க’ என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். புலம்பினவரும்தான். ஆனால் அன்றைக்கு டீ குடிக்க வரமாட்டார்.

‘கருணை அடிப்படையில் பணி நியமனம்’ என்று இதற்குப் பெயர். தமிழ்நாட்டில் 1972-லிருந்து இருக்கிறது. 2023-ல் தனி விதிகளே போட்டுவிட்டார்கள். ஜனங்கள் வைத்திருக்கும் பெயர் ‘வாரிசு வேலை’. அங்கேதான் சிக்கல். வாரிசு என்றதும் அப்பாவின் வீடு, நிலம் மாதிரி நாற்காலியும் நமக்குத்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். ஹரியானா வழக்கு ஒன்றில் 1994-ல் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லிவிட்டது: இது உரிமை இல்லை, சொத்தும் இல்லை, திடீரென்று சம்பளம் நின்றுபோன குடும்பம் மூழ்காமல் இருக்க ஒரு கைதூக்கல், அவ்வளவுதான். அப்பா பெரிய அதிகாரியாக இருந்தாலும் கிடைப்பது குரூப் ‘சி’ அல்லது ‘டி’ நிலை வேலைதான்.

அதுவும் உடனே கிடைக்காது. மத்திய அரசில் நேரடி நியமனக் காலியிடங்களில் 5 சதவீதம்தான் இதற்கு. இங்கேயும் காலியிடம் இருந்தால்தான். மனு கொடுக்க மட்டும் மூன்றே வருஷம் கெடு. இறப்புச் சான்று, தாசில்தாரிடம் வாரிசுச் சான்று, குடும்பம் வறிய நிலையில் இருப்பதற்குச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம்... அழுது முடிப்பதற்குள் ஜெராக்ஸ் கடைக்குப் போயாக வேண்டும்.

இதில் கஷ்டமான பேப்பர் அந்த சம்மதக் கடிதம்தான். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்றே பஞ்சாயத்து. பையன் ப்ளஸ் டூ. பெண் பி.காம். ‘பொண்ணு நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போறவ, பையன் பேர்ல எழுதுங்க’ என்றார் மாமா. ‘அப்ப நான் படிச்சது?’ என்றது பெண். பையன் காலேஜுக்குப் போக ஆசைப்பட்டான். அதுவரை பேசாமல் இருந்த அம்மா கேட்டார்: ‘ரெண்டும் படிக்கட்டும். நான் போகக்கூடாதா?’

ஒன்பதாவது படித்தவர். அலுவலக உதவியாளர் வேலைக்கு எட்டாவது போதும். பிள்ளைகள் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். நாலு வருஷம் கழித்து ஆர்டர் வந்தது, கணவர் உதவியாளராக இருந்த அதே ஆபீஸில்.

உங்களுக்கு ஒரு வார்த்தை. சர்வீஸ் ரிஜிஸ்டரில் நாமினி யார் என்று இந்த வாரமே பாருங்கள். எந்தப் பேப்பர் எந்த பீரோவில் என்று வீட்டில் சொல்லிவையுங்கள். அபசகுனம் ஒன்றும் இல்லை.

அந்த அம்மாவைச் சமீபத்தில் பார்த்தேன். கணவர் உட்கார்ந்த சீட்டில் இப்போது வேறொருவர். தினமும் அந்த மேஜையில்தான் தபால் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

‘முதல் வாரம் கண்ணைத் துடைச்சுக்கிட்டே வச்சேன் தம்பி. இப்ப பழகிடுச்சு. கருணை மனு எதாவது வந்தா மட்டும் அதை மேலாப்புல வைக்கிறேன்.’