கண்ட பின் கேட்போம்

மதுரை மாநகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், வைகையை அடுத்து அமைந்த சிற்றூர் கீழடி. அங்கே தென்னந்தோப்பின் அடியில் பன்னூறு ஆண்டுகள் மறைந்து கிடந்த பழைய ஊர், 2015ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்வால் வெளிப்பட்டது. கிடைத்த பொருள்களைக் காத்துக் காட்டும் அருங்காட்சியகம் 2023ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 5ஆம் நாள் திறக்கப்பெற்றது. செட்டிநாட்டு வீடுகளைப் போன்று எழுப்பப்பட்ட அழகிய கட்டடம் அது.

ஒருநாள் நான் அங்குச் சென்றிருந்தபோது, பள்ளி மாணவர் கூட்டம் ஒன்று எனக்கு முன்னே சென்றது. வழிகாட்டி விரைந்து பேசினார். மாணவர் விரைந்து எழுதினர். கண்கள் குறிப்பேட்டின்மீது இருந்தமையால், பேழையிலுள்ள பொருளை நோக்குவார் இலர். ஒரு சிறுமி மட்டும் பின்தங்கி நின்றாள். அவள் நோக்கியது பொன்னணியை அன்று. உடைந்த பானையோட்டை வட்டமாகத் தேய்த்துச் செய்த சில்லுகளை! “இது பாண்டி ஆடும் சில்லு அல்லவா? நாங்களும் இப்படித்தானே தேய்ப்போம்!” என்று தோழியின் கையைப் பற்றி இழுத்துக் காட்டினாள். அதற்குள், “வரிசை கலையாதே!” என்ற குரல் எழுந்தது. அவள் ஓடிவிட்டாள்.

வரிசை கலைந்தால்தான் என்ன? எவரும் சொல்லித் தராமலே, பழங்காலச் சிறுவர் ஒருவரோடு அவள் உறவு கொண்டாடிய நொடி அது. அதனைக் காத்துத் தருவதைவிட ஆசிரியர்க்கு வேறு பணி யாது?

இதனால் வழிகாட்டி வேண்டா என்று நான் கூறவில்லை. ஓட்டைக் கண்ணால் காணலாம். அதன் வயதைக் காண இயலாது. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரியை ஆராய்ந்து, அதன் காலம் கி.மு. 580 என்று கணித்தனர். அச்செய்தி 2019இல் வெளியாயிற்று. பானையோட்டில் கீறல்போலத் தோன்றுவது தமிழி எழுத்து என்பதும், அது ‘ஆதன்’ என்னும் பெயர் என்பதும் அறிந்தவர் சொன்னாலன்றி விளங்கா. ஆதலின், முதல் அரைமணி நேரம் மாணவரைத் தம் விருப்பம்போல் உலவ விடுக. ஒவ்வொருவரும் ஒரு பொருளின்முன் நிற்கட்டும். பின்னர் வழிகாட்டியை அழைத்து வினவட்டும்.

நேரம் ஏது என்பர் சிலர். ஒரே பகலில் திருமலை நாயக்கர் மகாலும் அழகர்கோயிலும் கீழடியும் காண வேண்டுமென்று பேருந்தை ஓட்டினால் நேரம் எங்ஙனம் இருக்கும்? இரண்டு இடங்களைக் குறைத்தால் போதும். பிள்ளைகள் எதையேனும் உடைத்துவிடுவர் என்னும் அச்சமும் உண்டு. பொருள்கள் கண்ணாடிப் பேழைக்குள் அல்லவா இருக்கின்றன!

வாய்ச்சொல்லே வேண்டாத இடமும் ஒன்று உண்டு. இராணி மங்கம்மாளின் பெயரோடு விளங்கும் தமுக்கம் அரண்மனையில், 1959ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் நேரு பெருமகனார் திறந்துவைத்த காந்தி நினைவு அருங்காட்சியகம் உள்ளது. அண்ணல் சுடப்பட்டபோது அணிந்திருந்த, குருதிக்கறை படிந்த ஆடை அங்கே இருக்கிறது. அதன்முன் வழிகாட்டி சற்றுநேரம் வாய் திறவாது நிற்பாராக. மாணவர் கண்டு முடித்து வெளியே வந்தபின், அவர் ஒரு செய்தியை மட்டும் சொல்லட்டும்: 1921ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், இதே மதுரையில், மேலமாசி வீதியிலுள்ள ஒரு வீட்டில்தான் காந்தியடிகள் தம் பழைய உடையைக் களைந்து அரையாடை பூண்டார். விரும்பும் மாணவர் அன்று மாலையே அத்தெருவுக்கும் சென்று வரலாம்.