வியன்னாவில் ஒரு பேச்சு, இங்கே ஒரு பேச்சு

2020 டிசம்பர் 2 அன்று வியன்னாவில் இந்தியா போட்ட வாக்கை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கஞ்சாவைச் சர்வதேசப் போதைப்பொருள் உடன்படிக்கையின் மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து நீக்கச் சொன்ன உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை, இந்தியாவின் ஆதரவோடு 27க்கு 25 என்று ஐ.நா. போதைப்பொருள் ஆணையத்தில் நிறைவேறியது. நம் வாக்கு மாறியிருந்தால் 26க்கு 26. அத்தனை கனமான வாக்கைப் போட்டுவிட்டு ஊர் திரும்பியவர்கள், 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சாவைப் பற்றிய ஒரு வரியையும் தொடவில்லை. சட்டத்தைத் தொடாமல் விட்டதைத்தான் நம்மால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் விடியுமுன் கம்பெனி பஸ் ஏறும் பெண்களில் ஒருத்திக்கு முடக்குவாதம் வந்தால் என்ன ஆகும்? உடம்பைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே மூட்டுகளைத் தாக்கும் நோய் அது. காலையில் விரல் மடங்காது. ஆனால் தொழிற்சாலை லைன் அவளுக்காக நிற்காது. மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கி விழுங்குவாள். அது வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். முடக்குவாதத்துக்கு வழக்கமாகத் தரும் மெத்தோட்ரெக்சேட் கேட்காவிட்டால் அடுத்தது உயிரியல் ஊசி. ஒப்பந்தத் தொழிலாளியின் சம்பளம் அதைத் தாங்காது.

இவளுக்காகத்தான் கஞ்சாவை மருந்தாக ஆராய வேண்டும் என்கிறோம். நோய் எதிர்ப்பு அணுக்களின் மேல் இருக்கும், கஞ்சாவின் பொருள்கள் பற்றும் சிபி-2 ஏற்பி 1993-இல் அடையாளம் காணப்பட்டது. கஞ்சாச் செடியிலுள்ள, போதை தராத கன்னாபிடயால் எலிகளின் மூட்டழற்சியைத் தணித்ததாக 2000-இல் ஆய்வு வெளிவந்தது. 2006-இல் பிரிட்டனில் 58 முடக்குவாத நோயாளிகளிடம் நடந்த சோதனையில், கஞ்சாச் சாற்று மருந்து பெற்றவர்களுக்கு வலி குறைந்தது, தூக்கம் மேம்பட்டது. 2021-இல் டென்மார்க்கில் வேறு வகை மூட்டு நோயாளிகளிடம் கன்னாபிடயால் வெற்று மாத்திரையைவிட மேலாக எதையும் செய்யவில்லை. கேள்வி தீரவில்லை, அதனால்தான் இங்கேயும் சோதிக்கச் சொல்கிறோம். 1839-இல் கல்கத்தாவில் மருத்துவர் ஓஷாக்னசி வாத நோயாளிகளுக்குக் கஞ்சாவைக் கொடுத்துப் பார்த்தார். சித்த மருந்துகளின் நச்சுப் பொருள் பட்டியலில் கஞ்சா இன்றும் இருக்கிறது. ஜம்முவில் மத்திய அரசின் ஆய்வகமே ஆராய்கிறது. நம் மருத்துவமனைகளுக்கு மட்டும் ஏன் இந்தத் தயக்கம்?

மத்திய அரசில் இருப்பவர்களுக்கு இந்த மெத்தனம் புதிதல்ல. இதே சட்டத்தின் உரிமக் கெடுபிடியில் மார்ஃபின் கிடைக்காமல் புற்றுநோயாளிகள் துடித்தார்கள். அதைத் தளர்த்த 2014 வரை, 29 ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள். அந்தத் திருத்தத்திலும் ஒரு பிரிவின் எண்ணைத் தவறவிட்டு, 2021 வரை கண்டுகொள்ளவில்லை. தடுப்பூசியிலும் இதே கதைதான். 2008-இல் தடுப்பூசி தயாரித்துவந்த கிண்டி பிசிஜி ஆய்வகத்தின் உரிமத்தையும் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் உரிமத்தையும் நிறுத்திவைத்தார்கள். செங்கல்பட்டுத் திருமணியில் 2012-இல் 594 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்து எழுப்பிய தடுப்பூசி வளாகம், கொரோனாவில் நாடே ஊசிக்கு அலைந்தபோது ஒரு குப்பியும் தராமல் கிடந்தது. இதற்கெல்லாம் பதில் சொன்னவர் எவரும் இல்லை. ஒரகடத்தில் 350 ஏக்கர் மருத்துவக் கருவிப் பூங்காவுக்குப் பணம் ஒதுக்கத் தெரிந்தவர்களுக்கு, அதைச் சுற்றி வாழும் தொழிலாளியின் மூட்டு கண்ணில் படவில்லை.

கஞ்சாப் பொட்டலம் விற்பவனைப் பிடிக்கும் வேட்டை நடக்கட்டும், அதை ஆதரிக்கிறோம். மருந்தாக ஆராய்வது வேறு. உரிய கண்காணிப்போடு ஆய்வுக்கு வழி திறக்கப்பட வேண்டும். வியன்னாவில் வாக்களித்தவர்கள்தான் அதைத் தொடங்க வேண்டும்.