ஆரஞ்சும் இரயில் பெட்டியும்

பெருங்களத்தூர்க் கடைகளில் கமலா ஆரஞ்சு வாங்கினால் ஒன்றிரண்டு அழுகியிருக்கும். "நெடுந்தொலைவிலிருந்து வருகிறதல்லவா?" என்று பெரியவர்கள் சமாதானம் சொல்வார்கள். தொலைவு மட்டுமே காரணம் என்பதை நாங்கள் ஏற்கவில்லை.

பறித்த பின்னும் பழம் சுவாசிக்கிறது. அதனால் வெப்பம் உண்டாகிறது. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் சுவாசம் ஏறத்தாழ இருமடங்காகும். நண்பகலில் பறித்து, இறுக அடுக்கி, இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டால் நடுவிலுள்ள பழம் என்ன செய்யும், பாவம்!

2020 ஆகஸ்டு 7 அன்று மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியிலிருந்து பீகாரின் தானாப்பூருக்கு முதல் கிசான் இரயில் புறப்பட்டது. அக்டோபரில் நாக்பூர் ஆரஞ்சும் தில்லிக்கு அவ்வாறே சென்றது. கட்டணத்தில் பாதியை அரசு ஏற்றது. பாராட்டத்தக்க செயலே. ஆயினும் அந்நாளில் இரயில்வேயிடம் இருந்த 17 டன் குளிர்பதனப் பெட்டிகள் ஒன்பதுதான்.

பெட்டிகளைப் பெருக்கினால் போதும் என்பார் உளர். எங்கள் கருத்து வேறு. குளிர்ந்த பழத்தைக் குளிர்பெட்டி அப்படியே காக்கும். சூடான பழத்தைக் குளிர்விக்கவோ அதற்கு நெடுநேரம் பிடிக்கும். அதற்குள் பூஞ்சை முந்திக்கொள்ளும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1900களின் தொடக்கத்திலேயே இதனை ஆராய்ந்தறிந்து, பனிக்கட்டிப் பெட்டியில் ஏற்றுமுன்பே ஆரஞ்சைக் குளிர்வித்தனர். ஆகவே பழம் ஏற்றும் நிலையத்தில் ஒரு குளிர் அறை கட்டுவதற்கே முதற்பணம் செலவிடவேண்டும். காற்றுப் புகும் பெட்டிகளும், பனி ஈரம் உலர்ந்ததும் வெயில் ஏறுமுன் பறிப்பதும் அதிகச் செலவு வைப்பன அல்ல.

நம் புளியங்குடி எலுமிச்சைக்கு மட்டும் அளவு தெரிந்து குளிரூட்டவேண்டும். 10 டிகிரிக்கு வெகுவாகக் கீழே நெடுநாள் வைத்தால் அதன் தோலில் குழிகள் விழுந்துவிடும்.