இருதய நோயும் இரத்தத்தின் சாட்சியமும்

மலையிலே புகை தோன்றினால் அங்கே நெருப்பு உண்டு என்று கொள்வது தருக்க நூலார் தொன்றுதொட்டுக் காட்டி வரும் எடுத்துக்காட்டு. அவ்வனுமானம் பிழையற்றதே. ஆயினும் எரிவது பெருங்காடா, உழவன் கொளுத்திய சருகா, வழிப்போக்கன் மூட்டிய அடுப்பா என்பதைப் புகை கூறுவதில்லை. இருதய நோயைக் குறித்து இந்நாளில் பெரிதும் பேசப்படும் சி-ரியாக்டிவ் புரதம் என்னும் இரத்தக் குறியின் நிலையும் இத்தகையதே. முழு உடற்பரிசோதனை என்ற பெயரில் விற்கப்படும் சோதனைத் தொகுப்புகள் பலவற்றில் இது இடம்பெற்றுள்ளது. அறிக்கையில் இதன் அளவு தடித்த எழுத்தில் அச்சாகியிருப்பதைக் கண்டு கலங்குவோர் உளர். அளவு குறைந்திருப்பதைக் கண்டு மகிழ்ந்து, புகை பிடிப்பதைத் தொடர்வோரும் உளர். இக்குறி எதனைக் கூற வல்லது, எதனைக் கூறமாட்டாது என்பதை அறிந்தாலன்றி இச்சோதனையால் நற்பயன் விளையாது.

இப்புரதம் இருதய ஆராய்ச்சியிற் பிறந்ததன்று. 1930-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் ராக்பெல்லர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் வில்லியம் டில்லெட், தாமஸ் பிரான்சிஸ் என்னும் இருவர் நிமோனியாக் காய்ச்சலை ஆராய்ந்து வந்தனர். அந்நோய்க் கிருமியின் 'சி' என்று பெயரிடப்பட்ட ஒரு சர்க்கரைப் பொருளோடு, நோயாளியின் சீரம் எனப்படும் இரத்தத் தெளிநீர் சேர்ந்தபோது வீழ்படிவு உண்டாயிற்று. நோய் தணிந்ததும் இவ்வியல்பு மறைந்தது. 'சி' பொருளோடு வினைபுரிவது என்னும் பொருளில் இப்புரதத்திற்கு அப்பெயர் அமைந்தது. இதனைப் பெரும்பாலும் ஆக்குவது கல்லீரல். உடலில் எங்கேனும் கிருமி புகுந்தாலும், காயம் பட்டாலும், இன்டர்லூக்கின்-6 என்னும் தூதுப் பொருள் கல்லீரலை எட்டுகிறது; சில மணி நேரத்தில் இரத்தத்தில் இப்புரதம் பெருகத் தொடங்குகிறது. கடுமையான நோயில் இது வழக்கமான அளவைப் போல் ஆயிரம் மடங்கு வரை உயர்வதும் உண்டு.

இது இருதய நோயோடு தொடர்புற்றதன் காரணம், தமனி நோயைப் பற்றிய கருத்தில் ஏற்பட்ட மாறுதலே. தமனி நோயில் அழற்சியும் பங்கு பெறுகிறது என்று ஜெர்மானிய அறிஞர் ருடால்ப் விர்கோ 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே எழுதினார். ஆயினும் நீர்க்குழாயில் உப்புப் படிவது போலத் தமனியில் கொழுப்புப் படிகிறது என்ற எளிய கருத்தே நெடுங்காலம் பலரிடம் நிலவியது. உண்மையில் நிகழ்வது வேறு. எல்.டி.எல். என்னும் கொழுப்புத் துகள்கள் தமனியின் உட்சுவருக்குள் புகுந்து தங்குகின்றன. அவற்றை அகற்ற வந்த வெள்ளணுக்கள் கொழுப்பை விழுங்கிப் பருத்து, அங்கேயே அழற்சியை வளர்க்கின்றன. அதனால் படிவின் மேலுறை மெலிகிறது. ஒரு நாள் அவ்வுறை கிழிய, இரத்தம் உறைந்து குழாயை அடைக்கிறது. மாரடைப்பு பெரும்பாலும் இவ்வாறே நேர்கிறது.

தமனிச் சுவரில் மெல்லென எரியும் இந்நெருப்பின் புகை இரத்தத்தில் தென்படுமா என்ற வினாவிற்கு 1997-ஆம் ஆண்டில் தெளிவான விடை கிடைத்தது. அமெரிக்க மருத்துவர்களையே ஆய்வுக்கு உட்படுத்திய நீண்டகால ஆராய்ச்சி ஒன்றில், நலமாயிருந்தபோது எடுத்துச் சேமித்த இரத்தத்தை பால் ரிட்கரும் அவருடன் பணியாற்றியோரும் சோதித்தனர். இப்புரதம் மிகுந்திருந்த பிரிவினர்க்கு, குறைந்திருந்த பிரிவினரைவிடப் பிற்காலத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய 3 மடங்காக இருந்தது. 2003-ஆம் ஆண்டில் அமெரிக்க இருதயச் சங்கம் அளவுகளை வகுத்தது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் குறைவாயின் அபாயம் குறைவு. 1 முதல் 3 வரை நடுத்தரம். 3-க்கு மேல் மிகுதி. 2024-ஆம் ஆண்டில் 27,939 பெண்களை 30 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சி வெளியாயிற்று. தொடக்கத்தில் ஒரே முறை அளந்த இப்புரதம், எல்.டி.எல். கொழுப்பைக் காட்டிலும் வலிமையாக எதிர்கால நோயை முன்னறிவித்தது என்று அது கண்டது. ஆகவே இச்சாட்சி பொய் கூறுவதன்று. அதனை எளிதில் தள்ளிவிட இயலாது.

சாட்சி வேறு, குற்றவாளி வேறு. இப்புரதமே தமனியைக் கெடுக்கிறதாயின், பிறவியிலேயே மரபணு வேறுபாட்டால் இதனை மிகுதியாகப் பெற்றவர்க்கு இருதய நோயும் மிகுதியாக வருதல் வேண்டும். 2011-ஆம் ஆண்டில் வெளியான பெரும் மரபணு ஆராய்ச்சி அவ்வாறு காணவில்லை. ஆனால் கல்லீரலைத் தூண்டும் இன்டர்லூக்கின்-6 வழியில் பிறவியிலேயே தளர்ச்சி உடையவர்க்கு இருதய நோய் குறைந்திருப்பது 2012-ஆம் ஆண்டில் அறியப்பட்டது. புகையை ஊதிக் கலைப்பதால் பயனில்லை. எரிபொருளை அகற்றினாற்றான் பயன் என்பதே இவ்விரு முடிவுகளின் சாரம்.

அழற்சியைத் தணித்தால் மாரடைப்பு குறையுமா என்பதை மருந்தளித்தே சோதித்தனர். 2017-ஆம் ஆண்டில் முடிவு வெளியான ஆராய்ச்சியில், முன்னரே மாரடைப்புக்கு ஆளாகி, இப்புரதம் லிட்டருக்கு 2 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்த 10,061 பேர் சேர்க்கப்பட்டனர். கனாக்கினுமாப் என்னும் ஊசி மருந்து, கொழுப்பின் அளவைக் குறைக்காமலேயே, மாரடைப்பு முதலிய நிகழ்ச்சிகளை 15 சதவீதம் குறைத்தது. அழற்சியும் ஒரு காரணமே என்பது இதனால் நிலைநாட்டப்பட்டது. எனினும் மருந்து பெற்றோரிடையே தொற்று நோயால் இறந்தவர் தொகை கூடியது; மொத்த மரணம் குறையவில்லை. அழற்சியை அடக்க மற்றொரு மருந்தாகிய மீதோட்ரெக்சேட்டைச் சிறு அளவில் கொடுத்துப் பார்த்ததில் பலன் கிட்டவில்லை.

பின்னர்க் கீல்வாத மருந்தாகிய கால்ச்சிசினின்மீது கவனம் சென்றது. தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தளின் விதைகள் இம்மருந்துக்காகவே பயிரிடப்படுகின்றன. நாள்தோறும் அரை மில்லிகிராம் கொடுத்ததில், 2019-ஆம் ஆண்டின் ஆராய்ச்சி 23 சதவீதமும் 2020-ஆம் ஆண்டின் ஆராய்ச்சி 31 சதவீதமும் நிகழ்ச்சிகள் குறைந்ததாகக் காட்டின. ஆனால் 2024-ஆம் ஆண்டில் வெளியான, 7,062 பேரைக் கொண்ட ஆராய்ச்சியில் மாரடைப்புக்குப் பின் இதனால் பயன் காணப்படவில்லை. ஆகவே இத்துறையில் இறுதித் தீர்ப்பு எழுதப்படவில்லை. செங்காந்தட் கிழங்கு கொடிய நஞ்சு என்பதையும், இதனைத் தாமே உண்போர் உயிரிழக்க நேரும் என்பதையும் இங்கே நினைவூட்டுதல் நலம்.

2025-ஆம் ஆண்டில் அமெரிக்க இருதய மருத்துவக் கல்லூரி, இச்சோதனையை எல்லோர்க்கும் செய்தல் நன்று என்று அறிக்கை வெளியிட்டது. அந்நாட்டின் நிலைக்கு அது ஒருவாறு பொருந்தலாம். இந்தியாவும் அதனை அப்படியே பின்பற்ற வேண்டும் என்பதை ஏற்பதற்கில்லை. அதற்கு இரு காரணங்கள் உள.

முதலாவது, இந்நாட்டில் புகை எழுப்பும் அடுப்புகள் பல. சளிக் காய்ச்சல், டெங்கு, காசநோய், பல் ஈறின் சீழ், மூட்டு வாதம், உடற்பருமன், புகைப் பழக்கம் ஆகிய ஒவ்வொன்றும் இவ்வளவை உயர்த்தும். லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் அதனை இருதயத்தின் குறியாகக் கொள்ளாமல், வேறு நோயைத் தேட வேண்டும் என்பது 2003-ஆம் ஆண்டின் நெறியிலேயே உள்ளது. இரு வாரம் இடைவிட்டு இருமுறை அளந்து சராசரி காணுமாறும் அது கூறுகிறது. விற்கப்படும் தொகுப்புச் சோதனையோ ஒரு நாள் ஒரு முறை எடுத்த எண்ணோடு நின்றுவிடுகிறது. அவ்வெண்ணைச் சுமந்துகொண்டு மருத்துவர் வாயில்களில் அலையும் செலவு, சோதனைச் செலவிலும் பெரிது.

இரண்டாவது காரணம் இதனினும் கனமானது. நெருப்புக்கு விறகாவன எவை என்பது ஏற்கெனவே தெரிந்துள்ளது. 52 நாடுகளில் நடைபெற்று 2004-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி, கொழுப்பு, புகை, இரத்த அழுத்தம், நீரிழிவு முதலிய ஒன்பது காரணங்களே முதல் மாரடைப்பின் அபாயத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கை விளக்குவதாகக் கண்டது. அதே ஆராய்ச்சியில், தெற்காசியர்க்கு முதல் மாரடைப்பு வரும் நடு வயது 53. மற்ற நாட்டினர்க்கு ஏறத்தாழ 59. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, வயது வந்த இந்தியருள் 100-க்கு 35 பேருக்கு மேல் மிகை இரத்த அழுத்தமும், 11 பேருக்கு மேல் நீரிழிவும் உடையவர். அழுத்தத்தை அளக்கக் கையில் கட்டும் பட்டை போதும். ஊசி குத்த வேண்டியதுமில்லை.

நோய் வந்தவர் நிலை இன்னும் வருந்தத்தக்கது. மாரடைப்போ பக்கவாதமோ கண்ட மக்களைப் பற்றி 2011-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், இந்தியா உள்ளிட்ட வருமானம் குறைந்த நாடுகளில் 100-க்கு 80 பேர், ஆஸ்பிரின், ஸ்டாட்டின், அழுத்த மருந்துகள் ஆகிய எதையுமே உட்கொள்ளவில்லை. இவை விலை மிகுந்த புது மருந்துகளல்ல. மாரடைப்பிலிருந்து பிழைத்து வீடு திரும்பிய கூலித் தொழிலாளிக்கு அரசு மருத்துவ நிலையத்தில் மாதந்தோறும் மாத்திரை தடையின்றிக் கிடைத்தல், நலமாயிருக்கும் ஆயிரம் பேரின் இரத்தத்தில் அழற்சிக் குறியை அளப்பதைக் காட்டிலும் அதிக உயிர்களைக் காக்கும்.

இச்சோதனைக்கு இடமே இல்லை என்பது இதன் பொருளன்று. அபாயம் நடுத்தரமாயிருந்து, ஸ்டாட்டின் தொடங்கலாமா வேண்டாமா என்று மருத்துவரும் நோயாளியும் தயங்கும் வேளையில், இவ்வெண் தராசின் ஒரு தட்டைத் தாழ்த்தக்கூடும். உரிய மருந்துகள் யாவும் உட்கொண்டும் மீண்டும் மாரடைப்புக்கு ஆளானவரிடத்தும் இது வழிகாட்டலாம். விடை எதுவாயினும் சிகிச்சை மாறாது எனில், அவ்வினாவை இரத்தத்திடம் கேட்பது வீண். சோதனையை எழுதித்தரும் மருத்துவரும், பணம் செலுத்துவோரும், பொது நிதியைப் பங்கிடுவோரும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுவே: எண் உயர்ந்திருந்தால் செய்யப்போவது யாது, தாழ்ந்திருந்தால் செய்யாது விடப்போவது யாது? இதற்கு விடை இல்லாதவிடத்து, அப்பணம் இரத்த அழுத்த மாத்திரைக்கும் புகையிலை ஒழிப்புக்கும் செல்வதே முறை.